எருமை நடக்கும் சரிவும் நடக்காத சரிவும்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஒன்பதாவது மைலைத் தாண்டியதும் ஒரு மண்பாதை பிரிகிறது. அதன் முடிவில் ஒரு மந்து, அதாவது எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் சிறு குடியிருப்பு. பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அடுத்த சனிக்கிழமை பத்து கார் வந்து நிற்கும். ஞாயிறு மாலைக்குள் ஏதாவது ஓர் எருமை வயிற்றில் சிப்ஸ் கவர் இருக்கும்.

நான் கால்நடை மருத்துவன். 2011இல், எருமைக்குக் கன்று மாட்டிக்கொண்டது என்று இரவு எட்டு மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டபோதுதான் முதல்முறை அங்கே போனேன். டார்ச் வெளிச்சத்தில் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவ ஓடைக்கு இறங்கினேன். இரண்டு பக்கமும் சரிவு என்பது மட்டும் இருட்டில் தெரிந்தது. காலையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி: முழங்கால் உயரப் புல், நடுநடுவே தனித்தனியாகக் காட்டுப் பூவரசு, மடிப்புகளில் கரும்பச்சையாக ஒரு துண்டு சோலைக்காடு.

இன்றைக்கு அந்த இரண்டு சரிவும் ஒன்றுபோல இல்லை. கிழக்குச் சரிவு நான் முதல் நாள் பார்த்தபடியே, கிட்டத்தட்ட, இருக்கிறது. மேற்குச் சரிவில் சீகை மரம், வாட்டில் என்கிறார்களே அந்த வெளிநாட்டு மரம், தலைக்கு மேல் நிற்கிறது. கீழே புல் இல்லை, சருகுதான். நடுவில் ஓடுவது ஒரே ஓடை. பெய்வது ஒரே மழை, விழுவது ஒரே உறைபனி. அப்புறம் என்ன வித்தியாசம் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். இதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

புல் யாருடையது

முதலில் ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் புல்வெளி எல்லாம் ஆதியில் காடாக இருந்தது, தோடர்கள் எருமைக்காக எரித்தும் வெட்டியும் புல்லாக்கினார்கள் என்று சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை எடுத்து அதில் உள்ள கார்பனைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 1993இல் வெளியானது. சுமார் 20,000 ஆண்டுகளாகவே இங்கே புல் இருந்திருக்கிறது, தட்பவெப்பத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது என்று அது காட்டியது. ஆக, புல்வெளி மனிதன் போட்டதில்லை.

1819இல் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பிறகு வந்தவர்களுக்கு இது வெற்றுத் தரிசாகத் தெரிந்தது. மரம் இல்லாத நிலத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கை அரித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் வந்தன. விறகு, தோல் பதனிடும் பட்டை, சுதந்திரத்துக்குப் பிறகு சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. மிஞ்சியதில் பள்ளமாக இருந்தவற்றில் அணை நீர் நின்றது, மேடாக இருந்தவற்றில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறின. பழனி மலையில் இதன் கணக்கைச் செயற்கைக்கோள் படம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. 2018இல் வெளியான ஆய்வு அது. மன்னவனூர்ப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு ஆய்வே தேவைப்படாது.

சரி, புல் இயற்கை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டால் போதாதா, எருமை எதற்கு என்று கேட்கலாம். முன்னால் அது போதுமாக இருந்திருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் விழும் உறைபனி புல்வெளிக்குள் நுழையும் சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லுக்கு வேலி அதுதான். ஆனால் சீகைக்கு அந்தப் பனி ஒரு பொருட்டில்லை. நீலகிரியிலேயே செய்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதையே சொன்னது: உள்ளூர் மரக்கன்றைப் பனி தடுக்கிறது, வெளிநாட்டு மரத்தைத் தடுக்கவில்லை. பழைய வேலியில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையில் இப்போது யார் நிற்கிறார்கள் என்பதில்தான் இரண்டு சரிவுகளும் பிரிந்தன.

பிடுங்குவது

மந்தின் பெரியவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னை டாக்டர் என்பார். காலை பால் கறந்ததும் எருமைகளைக் கிழக்குச் சரிவில் ஏற்றிவிட்டுப் பின்னால் நடப்பார். தோடா எருமையைப் பார்க்காதவர்களுக்கு: சாம்பல் அல்லது வெளிர்பழுப்பு நிறம், பிறை போல விரிந்த கொம்பு, நாம் பழகிய கறுத்த எருமையின் சாதுத்தனம் கிடையாது. தெரியாதவர் கிட்டே போனால் குத்தும். உலகத்தில் இந்த மலைமேல் மட்டும் உள்ள இனம். மொத்தமே சில ஆயிரம்தான். தோடர் மக்களே சுமார் 2,000 பேர்தான்.

அவர் மேய்க்கிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜூலை மாதம் கூடவே நடந்தபோதுதான் கவனித்தேன். எருமை தானாக மேய்கிறது. அவர் குனிந்து குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டே வருகிறார். விரல் நீளச் சீகைக் கன்றுகள். இறகு மாதிரி இலை, புல்லுக்குள் தேடினால்தான் தெரியும். தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகி இழுக்கிறார். மழையில் மண் இளகியிருப்பதால் ஆணிவேரோடு வந்துவிடுகிறது. வேரில் கடுகளவு உருண்டைகள், நிலக்கடலை வேரில் பார்ப்போமே, அதே மாதிரி. காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் உருண்டைகள் அவை. வயலுக்கு அது வரம். இந்தப் புல்லோ சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகியது. மண் கொழுத்தால் களைதான் முந்திக்கொள்ளும்.

"மழை மாசத்துல பிடுங்கினாத்தான் வரும் டாக்டர். மாசியில இழுத்தா ஒடியும். ஒடிஞ்சது மூணாத் துளிர்க்கும்."

ஒரு நாளைக்கு எத்தனை பிடுங்குவீர்கள் என்று கேட்டேன். எண்ணுவதில்லையாம். எருமை போகிற வழியில் இருப்பதைப் பிடுங்குவது, அவ்வளவுதான். எருமை ஒரே வழியில் போவதில்லை என்பதால் சில வாரத்தில் சரிவு முழுவதும் அவர் கால் பட்டுவிடும். எருமையும் தன் பங்குக்குச் சிலதை மிதிக்கும், தளிரைக் கடிக்கும். ஆனால் சீகையை எருமை தின்று தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே வேலை செய்தது அவர் கைதான். எருமை செய்த உபகாரம், அவரைத் தினமும் அந்தச் சரிவில் ஏற்றியது.

என் கணக்கு

பெரியவருக்கு ஒரு தம்பி. மேற்குச் சரிவு அவருடைய எருமைகளின் மேய்ச்சல். 2013இல் அவர் என்னிடம் வந்து எருமையால் கட்டுப்படியாகவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். தோடா எருமை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கொடுக்கும். கொழுப்பு எட்டு சதவீதம் அளவுக்கு இருக்கும் என்றாலும் அளவு அளவுதான். கலப்பினப் பசு பத்து லிட்டர். கொட்டகையில் கட்டிப் போடலாம், புலி பயம் குறைவு, வீட்டருகே கிக்குயு என்ற வெளிநாட்டுத் தீவனப் புல் போட்டால் அறுத்துப் போடலாம். எங்கள் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அவர் எருமைகளை விற்றார், இரண்டு பசு வாங்கினார். கொஞ்ச நாள் நன்றாகவே போனது. பிறகு தீவன விலை ஏறியது, ஒரு பசு சினை பிடிக்காமல் அலைக்கழித்தது, பையன்கள் ஊட்டியில் வேலைக்குப் போனார்கள். நான்காவது வருஷம் கொட்டகை காலி.

என் கணக்கில் பால், தீவனம், சினை எல்லாம் இருந்தது. மேற்குச் சரிவில் இனி யாரும் நடக்க மாட்டார்கள் என்பது இல்லை. 2015இல் அங்கே இடுப்பளவு சீகை. 2018இல் குறிஞ்சி பூத்த வருஷம் பெரியவரோடு மேலே ஏறினபோது, மேற்குச் சரிவின் குறிஞ்சிப் புதர்கள் மரநிழலில் மெலிந்துபோய் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த்தான் பூத்திருந்தன. எதிர்ச் சரிவில் நீலம் வடிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் செடிக்கு ஐந்து வருஷ நிழல் போதும் போலிருக்கிறது. அடுத்தது 2030.

சாணி

இனி என் துறைக்கு வருகிறேன்.

மே மாதம், கோடை மழை இரண்டு பெய்தபின், கிழக்குச் சரிவில் முந்தின நாள் விழுந்த ஒரு சாணியைக் குச்சியால் பிளந்து பாருங்கள். மேலே தோல் மாதிரி காய்ந்திருக்கும். உள்ளே ஈரம், அதில் ஒரு ஊரே இருக்கும். மிளகளவு வண்டுகள் சாணிக்குள்ளேயே குடைந்துகொண்டிருக்கும். அதைவிடப் பெரியவை அடியில் மண்ணைத் துளைத்துச் சாணியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். தூக்கினால் துளை மட்டும் தெரியும். ஈப் புழு, அதைத் தின்னும் வேறொரு வண்டு. ஒரு வாரத்தில் அந்தச் சாணி தவிடாகி மண்ணுக்குள் போய்விடும். சுற்றிலும் உண்ணிக்கொக்கும் நீலகிரி நெட்டைக்காலியும் நடந்துகொண்டிருக்கும்.

நெட்டைக்காலி பார்க்கச் சாதாரணமான, பழுப்புக் கோடு போட்ட சின்னக் குருவி. நீலகிரி, ஆனைமலை, பழனி போன்ற உயரமான புல்வெளிகளை விட்டால் உலகத்தில் எங்கும் கிடையாது. தரையில் நடந்து பூச்சி பொறுக்கும், புல் தூருக்குள் கூடு கட்டும். அதற்குக் குட்டைப் புல்லும் வேண்டும், நெட்டைப் புல்லும் வேண்டும். எருமை மேய்ந்த சரிவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கிறது. ஏனென்றால் எருமை புல்வெட்டும் இயந்திரம் மாதிரி மேயாது. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய், தன் சாணி விழுந்த இடத்தைச் சுற்றிலும் ஒதுக்கிவிடும். ஒதுக்கின இடம் திட்டாக உயர்ந்து நிற்கும். மேற்குச் சரிவில் இந்தக் குருவியை நான் பார்த்ததில்லை. மரம் வந்த இடத்தில் அது நிற்பதில்லை.

இந்தச் சாணிக்கு நானே விஷம் வைத்துக்கொண்டிருந்தேன். முகாம் போட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்த மந்தைக்கும் ஐவர்மெக்டின் ஊசி. குடற்புழு, உண்ணி இரண்டுக்கும் கேட்கும், போடுவதும் சுலபம். 2016இல் ஒருநாள் பெரியவர் சொன்னார்:

"நீங்க ஊசி போட்ட மாசம் சாணி மக்கறதில்ல டாக்டர். ஓடு மாதிரி அப்படியே கிடக்குது. எருமை அந்த எடத்துல மேயாது."

நான் வெயிலைக் காரணம் சொன்னேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால், அவர் சொன்னதை இங்கிலாந்தில் 1987லேயே சோதித்து எழுதிவிட்டார்கள். மருந்தின் மிச்சம் சாணியில் வெளியேறுகிறது, வண்டுப் புழுவும் ஈப் புழுவும் அதில் பிழைப்பதில்லை, சாணி சிதையாமல் கிடக்கிறது. நான் படித்த புத்தகத்தில் மருந்தின் அளவு இருந்தது, இது இல்லை.

அதன் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டது பெரிய விஷயமெல்லாம் இல்லை. முதலில் சாணி எடுத்து மைக்ராஸ்கோப்பில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது; முட்டை அதிகமுள்ள மாட்டுக்கும் மெலிந்த கன்றுக்கும் மட்டும் மருந்து. மருந்து போட்ட மாடு இரண்டு வாரம் பட்டியோடு இருக்கும், அதன் சாணி குழிக்குப் போகும், சரிவுக்குப் போகாது. வண்டு கிளம்புகிற ஏப்ரல், மே மாதங்களில் ஐவர்மெக்டினைத் தொடுவதில்லை. உண்ணிக்குக் கையால் பொறுக்குவதும் வேப்பெண்ணெயும். வேலை கூடத்தான். மந்தை சிறிது என்பதால் செய்ய முடிந்தது. இருநூறு மாடு வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்.

வலி மருந்து விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டைக்ளோஃபெனாக் கால்நடைக்கு 2006லேயே தடையானது; கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023இல். மலைக்கு வடக்கே மோயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. செத்த மாட்டைத் தின்னும் கழுகு, மாட்டுக்குப் போட்ட ஊசியால் சாகும். என் பெட்டியில் மெலாக்சிகாம் மட்டும்தான்.

சதுப்பு

ஓடையை ஒட்டி அரை ஏக்கர் சதுப்பு. மேலிருந்து பார்த்தால் பச்சை விரிப்பு, கால் வைத்தால் முட்டிவரை உள்ளே போகும். குனிந்து பார்த்தால் பூச்சி பிடிக்கும் ட்ரோசெரா சிவப்பாய் மின்னும். மந்துக்கு அந்தச் சதுப்பு கோயில் சம்பந்தப்பட்டது. அரைப்பீப்பாய் வடிவக் கோயிலின் கூரைக்கு வேய்கிற புல் சதுப்பில் மட்டும் வளரும். தாவரவியலார் அதற்கு வைத்த பெயர் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி. நீலகிரிக்கே உரிய புல். கூரை பழுதானால் அந்தப் புல்தான் வேண்டும், தகரம் வைக்க முடியாது.

மருத்துவனுக்குச் சதுப்பு என்றால் தட்டைப்புழு. பனிக்காலத்தில் மேலே புல்லெல்லாம் கருகிப்போகும்போது சதுப்பு மட்டும் பச்சையாக இருக்கும், எருமை அங்கே இறங்கும். அங்கே நத்தை, நத்தையிலிருந்து புழு, புழு நேரே கல்லீரலுக்கு. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் பார்த்த உடனே சொல்லிவிடலாம். இதற்குப் புத்தகத்தில் இரண்டு தீர்வு உண்டு: சதுப்பை வடிகால் வெட்டி வற்றவைப்பது, அல்லது மயில்துத்தம் தெளித்து நத்தையைக் கொல்வது. இரண்டையும் செய்தால் தட்டைப்புழு போகும். கூடவே தவளை, ட்ரோசெரா, கூரைப் புல் எல்லாம் போகும்.

நான் சொல்வதற்கு முன்பே வடிகால் வந்துவிட்டது, வேறு காரணத்துக்காக. தம்பியின் பங்கில் வந்த கீழ்ப்பகுதியைக் கேரட் போட வெளியாட்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அவர்கள் முதல் வேலையாக நடுவில் வாய்க்கால் வெட்டினார்கள். மூன்று வருஷம் கேரட், நடுவில் ஒரு போகம் உருளை. 1961இல் நீலகிரி உருளையில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இந்த மலையின் உருளை வயலும் குருணை மருந்தும் கூடப் பிறந்தவை மாதிரி. குருணையைத் தானியம் என்று பொறுக்குகிற பறவை பிழைக்காது. வாய்க்காலால் சதுப்பின் மேல்பாதி உலர்ந்து, கூரைப் புல் இருந்த இடத்தில் வேறு களை ஏறியது. அடுத்த முறை கோயில் வேயும்போது புல்லுக்கு இன்னொரு மந்தின் சதுப்புக்குப் போனார்கள்.

பெரியவர் இந்த இடத்தில்தான் கறாராக நின்றார். 2019இல் குத்தகை முடிந்ததும் சதுப்பை மறுபடி விட முடியாது என்றார். மேட்டுப் பாத்தி வேண்டுமானால் போடலாம், ஓடையின் இரண்டு கரையிலும் பத்தடிப் புல்லை உழக்கூடாது, குருணை கூடாது. குத்தகைத் தொகை குறைந்தது. தம்பிக்கும் அவருக்கும் ஆறு மாதம் பேச்சில்லை. தம்பி பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: கோயிலுக்குப் புல் வேண்டும் என்றால் எல்லோரும்தானே இழப்பைப் பகிர வேண்டும், என் பங்கு நிலம் மட்டும் ஏன் என்று கேட்டார். அதற்கு இன்னும் சரியான பதில் யாரும் சொல்லவில்லை.

வாய்க்காலை அடைத்தது மேற்குச் சரிவில் வெட்டின சீகைக் கட்டைகளை வைத்து. குறுக்கே மூன்று இடத்தில் கட்டை அடுக்கி மண்ணை மிதித்தார்கள். இரண்டு மழைக்காலம் கழித்துக் கால் புதைகிற இடம் மறுபடி மேலே ஏறியிருந்தது. தட்டைப்புழு? மறுபடி வந்தது. சதுப்பில் இறங்கும் எருமைகளுக்குச் சாணி பார்த்து, தட்டைப்புழுவுக்கான மருந்தை மட்டும் கொடுக்கிறேன். நத்தையோடு சமாதானம்.

தீ

பெரியவருடைய அப்பா காலத்தில் பனிக்காலம் முடிகிற நேரம் பார்த்து, காற்றில்லாத சாயங்காலம் ஒரு துண்டு மட்டும் கொளுத்துவார்களாம். பக்கத்தில் ஈரச் சோலை, கையில் பச்சைக் கிளை. இந்த வருஷம் இந்தத் துண்டு, அடுத்த வருஷம் வேறு. மாசியில் அங்கே இளம்புல் வரும். 1882 வனச் சட்டத்துக்குப் பிறகு புல்வெளிகள் ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்ட காடாயின, கொளுத்துவது குற்றமானது. இப்போது யாரும் கொளுத்துவதில்லை. அதனால் தீ நின்றுவிட்டதா என்றால் இல்லை. காய்ந்த புல் வருஷக்கணக்கில் சேர்ந்து, மார்ச் மாதம் யாரோ போட்ட பீடியில் மலையே எரிகிறது. அதற்குள் நெட்டைக்காலி முட்டை வைத்திருக்கும்.

பக்கத்துக் கேரளத்தில் எரவிகுளத்தில் வரையாட்டுக்காகப் புல்வெளியைத் துண்டு துண்டாக, பனிக்காலத்திலேயே, முதுவர் பழங்குடியினரை வைத்து எரிக்கிறார்கள். நம் பக்கமும் வரையாட்டுக்குத் தனித் திட்டம் வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவித்தது, 25.14 கோடி ரூபாய். 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆடு. நல்லதுதான். ஆனால் முக்குருத்தி தேசியப் பூங்காவின் உச்சியில் உள்ள புல்லுக்கு ஆள் உண்டு. சாலையோரச் சரிவுக்கு எருமைக்காரரை விட்டால் நாதியில்லை.

தீயை மறுபடி கொண்டுவரலாமா? சீகை விதை விழுந்த நிலத்தில் கூடவே கூடாது என்பேன். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும், சூடு பட்டால் ஓடு வெடித்து மொத்தமாக முளைக்கும். மேற்குச் சரிவில் தீ வைப்பது விதைப்பதற்குச் சமம். கிழக்குச் சரிவு மாதிரி சுத்தமான புல்லில், விஷயம் தெரிந்தவர் கையில், வனத்துறை அனுமதியோடு ஒரு சிறு துண்டு என்றால் பேசலாம்.

புலி

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இந்தப் பதினான்கு வருஷத்தில் மந்து இழந்தது நான்கு கன்று, ஒரு பெரிய எருமை. ஒவ்வொரு முறையும் நான் போய்ச் சான்று எழுதிக் கொடுத்தேன். இழப்பீடு வந்தது, தாமதமாக. 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலி செத்துக் கிடந்த செய்தி வந்த வாரம், பெரியவரின் மருமகனும் அதே கோபத்தில்தான் இருந்தான். அதற்கு முந்தின மாதம்தான் கன்று போயிருந்தது. பெரியவர் அதட்டவில்லை. அந்தியில் எருமைகளைக் கல்பட்டிக்குள் அடைக்கிற வேலையை அவனிடம் ஒப்படைத்தார், அவ்வளவுதான். இந்தப் பட்டி முறை இருக்கிறவரை பெரிய சேதம் வராது. அடைக்க ஆள் இல்லாத வீட்டில்தான் சேதமும் அதிகம், கோபமும் அதிகம்.

மேற்குச் சரிவில் பட்ட பாடு

2020இல் ஒரு திட்டத்தில் மேற்குச் சரிவின் ஒரு பகுதிச் சீகையை வெட்டினார்கள். வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அடுத்த மழையில் கடுகு விதைத்த மாதிரி சீகைக் கன்று முளைத்தது. முன்னைவிட அடர்த்தி. மரம் நின்றபோது நிழலாவது இருந்தது.

சரி, எருமையை வைத்தே பார்க்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. வெட்டின பட்டையில் இரவுக்கு எருமைகளைப் பட்டி போட்டால் மிதித்தே அழித்துவிடும் என்று நினைத்தேன். பெரியவர் தலையை ஆட்டினார். டாக்டர் சொல்கிறாரே என்று செய்தார். கன்றுகள் மிதிபட்டது உண்மை. ஆனால் அத்தனை சாணியும் மூத்திரமும் விழுந்த மண்ணில் வந்தது நம் புல்லில்லை. கிக்குயுவும் வேறு களைகளும் மண்டின. எங்கிருந்து வந்தது கிக்குயு? தம்பி பசுவுக்கு என்று நான் சொல்லி வைத்ததிலிருந்துதான்.

பிறகு அவர் வழியில் செய்தோம். ஜூன் மாதம் கிழக்குச் சரிவிலிருந்து புல் தூர்களைக் கைப்பிடி கைப்பிடியாக, ஓர் இடத்தில் நெருக்கமாக எடுத்து மொட்டையாக்காமல், பெயர்த்து வந்து ஓர் அடிக்கு ஒன்றாக நட்டோம். ஒரு கன்றுக்குட்டி சுற்றி ஓடும் அளவு இடம்தான் முதல் வருஷம். அதில் ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை சீகை பிடுங்கல். இரண்டாம் வருஷம் அதைப் போல இன்னொரு மடங்கு. தூர்கள் பிடித்துப் பரவி மண் மூடியதும் முளைக்கிற சீகை குறைந்தது, நிற்கவில்லை. சோலையை ஒட்டின மேல்முனையில் சீகை நிழலுக்குள் சோலை மரக்கன்றுகள் தாமாக வந்திருந்தன. அங்கே எதையும் வெட்ட வேண்டாம் என்று பெரியவர் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன். எல்லா இடத்தையும் புல்லாக்கியே தீருவது என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த முனையில் வந்துகொண்டிருப்பது சோலை, வரட்டும்.

இந்த வேகத்தில் போனால் மேற்குச் சரிவு முழுக்கப் புல்லாக எத்தனை வருஷம் ஆகும் என்று மருமகன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்றான். அவன் ஊட்டியில் டிரைவர். வாரத்தில் ஒரு நாள் வருகிறான். எருமை பதினாறிலிருந்து பதினொன்றாகிவிட்டது. பெரியவருக்கு முட்டி வலி. மழைக்காலத்தில் முன்போலக் குனிய முடியவில்லை. கிழக்குச் சரிவின் மேல்விளிம்பில் இந்த வருஷம் நான்கைந்து சீகை என் இடுப்பளவு நின்றதைப் பார்த்தேன். முன்பு அப்படி விட்டிருக்கமாட்டார். ஒன்றை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மருமகனிடம் சொல்லி அடியோடு தோண்டச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் சாணி பார்க்கப் போயிருந்தேன். பதினொரு மாடு, பதினொரு டப்பா. ஒரு கன்றைத் தவிர எதிலும் பயப்படும்படி இல்லை. கேஸ் ஷீட்டில் மருந்து தேவையில்லை என்று எழுதி நீட்டினேன். பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மருந்தும் குடுக்கல, ஊசியும் போடல. இதுக்கு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா டாக்டர்?"

டீ மட்டும் வந்தது. எருமைப் பால் டீ. குடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டு, போகிற வழியில் பாதையோரம் இரண்டு சீகை இருக்கிறது, பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.